ஒன்பது மா நஞ்சை, ஆறு பங்குதாரர்கள்: ஒரு பாகப்பிரிவினையின் நிகழ்வு ஆய்வு

திருச்சிக்குக் கிழக்கே, வாய்க்கால் பாசனமுள்ள ஒரு கிராமத்துக் குடும்பத்தின் பாகப்பிரிவினை இது. 2021இல் இளைய மகள் ஆலோசனை கேட்டு வந்ததிலிருந்து 2024இல் பத்திரங்கள் பதிவானது வரை அவர் தரப்பு வழக்கறிஞராக இருந்தேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குள் வரும் குடும்பம் இது. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குக் கணக்கே வேறு.

பின்னணி

பெரியவர் 1940களில் பிறந்தவர். ஆலை வேலை, அதோடு விவசாயம். பிள்ளைகள் நான்கு பேர். மூத்த மகளுக்கு 1984இல் கல்யாணம். அடுத்தவர் மூத்த மகன், ஊரோடு இருந்து வயலைப் பார்த்தவர். மூன்றாவது இளைய மகள், 1993இல் கல்யாணமாகி வெளியூர் போனவர். கடைக்குட்டி இளைய மகன் 2006இல் கல்யாணம் செய்துகொண்டார், 2008இல் ஒரு பெண் குழந்தை.

பெரியவர் 2016இல் உயில் எழுதாமல் இறந்தார். 2017இல் மூத்த மகன் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அதற்குத் தாயார், இரண்டு சகோதரிகள், தம்பி நான்கு பேரும் 'ஆட்சேபணை இல்லை' என்று வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். உரக்கடன், வறட்சி நிவாரணம் வாங்கப் பட்டா ஒருவர் பெயரில் இருந்தால் சுலபம் என்று சொல்லித்தான் வாங்கினார், அதில் பொய் எதுவும் இல்லை. 2019இல் இளைய மகன் நோயில் இறந்தார். மருத்துவச் செலவில் பெரும்பகுதியை அண்ணன்தான் பார்த்தார். பேச்சுவார்த்தையில் இது பின்னால் பெரிய விஷயமாக வரும்.

2021இல் சாலையோரமாக இருந்த மூன்று மா நிலத்துக்கு ஒருவர் விலை பேசினார். வாங்குபவரின் வக்கீல் வாரிசுச் சான்றைப் பார்த்துவிட்டு, சகோதரிகளிடமிருந்து விடுதலைப் பத்திரம், அதாவது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம், வேண்டும் என்றார். மூத்த மகன் தங்கைக்குப் போன் செய்து, "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து, வந்துட்டுப் போயிடும்மா" என்று கூப்பிட்டார். தங்கை நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வாங்கி, எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

அந்த நகலில் மூன்று மா மட்டும் இல்லை. ஒன்பது மாவும், தென்னந்தோப்பும், தாயார் குடியிருக்கும் வீடும் சேர்ந்தே இருந்தன. பிரதிபலனாக 'அன்பும் பாசமும்' என்று எழுதியிருந்தது.

எது எந்த வழியாக வந்தது

பங்கு எவ்வளவு என்று பேசுவதற்கு முன்னால் இதைப் பிரிக்க வேண்டியிருந்தது. குடும்பத்தில் எல்லோருமே மொத்தத்தையும் 'அப்பா சொத்து' என்றுதான் சொன்னார்கள். ஆவணங்களில் அது மூன்று வகையாகக் கிடந்தது.

நஞ்சை ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். எங்கள் பக்கம் மூன்று மா ஒரு ஏக்கர். இது 1968இல் பெரியவரும் அவர் தகப்பனாரும் சகோதரர்களும் செய்துகொண்ட பதிவுபெற்ற பாகப்பிரிவினையில் அவருக்கு வந்தது. அதற்கு முன்பு பெரியவரின் பாட்டனாரிடம் இருந்தது. பாட்டனார் 1948இல் காலமானவர். இந்த வருஷம் முக்கியம். இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956க்குப் பிறகு ஒரு தகப்பனார் இறந்து வாரிசுரிமையில் மகனுக்கு வந்த சொத்து, அந்த மகனின் தனிச் சொத்தாகவே கருதப்படும் என்று 1986இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் பேரப்பிள்ளைக்குப் பிறப்புரிமை கிடையாது. தாத்தாவிடமிருந்து வந்தது எல்லாமே பிதுரார்ஜிதம், அதாவது பிறப்பாலேயே பங்கு வரும் பரம்பரைச் சொத்து, என்று நினைத்து வழக்குப் போட்டுத் தோற்பவர்கள் நிறையப் பேர். இங்கே சொத்து 1956க்கு முன்பே கூட்டுக்குடும்பத்தில் இறங்கியிருந்தது, 1968 பத்திரமும் அப்படியே சொல்லியது. ஆகவே இது பிதுரார்ஜிதம்தான்.

தோப்பு ஒரு ஏக்கர். 1979இல் பெரியவர் தன் பெயரில் கிரயம் வாங்கியது. ஆலைச் சம்பளம் இருந்த காலம், வங்கிக் கணக்கும் இருந்தது. வயல் வருமானத்தில் வாங்கியதாக யாரும் சொல்லவில்லை. எனவே சுயசம்பாத்தியம்.

வீடு 1987இல் தாயார் பெயரில் வாங்கிய மனையில் கட்டியது. பணத்தில் பாதி அவர் பிறந்த வீட்டு நகையை விற்று வந்தது என்று அவரே சொன்னார். சட்டப்படி அது அவருடைய முழு உரிமைச் சொத்து. அவர் இருக்கும்வரை பிள்ளைகள் யாருக்கும் அதில் பங்கு கேட்க வழியில்லை. அந்த வீட்டுக்கு மகள்களிடமிருந்து விடுதலை எழுதி வாங்கப் பார்த்தது வேடிக்கை. இல்லாத உரிமையை எப்படி விட்டுக்கொடுப்பது?

காகிதங்களில் கண்டவை

வில்லங்கச் சான்றைப் பழைய காலத்திலிருந்தே போட்டோம். 1975க்குப் பிந்தையதை இணையத்தில் எடுத்தோம், அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். 1968 பத்திரத்தின் பதிவு நகல் அப்படித்தான் கிடைத்தது. குடும்பத்தில் யாரிடமும் மூலம் இல்லை. 1980களின் நில ஆவண மேம்பாட்டில், அதாவது ஊர்க்காரர்கள் யூ.டி.ஆர். என்று சொல்வதில், பட்டா பெரியவர் ஒருவர் பெயரில் வந்திருந்தது. அதனால் அது அவருடைய தனிச் சொத்தாகிவிடாது. பட்டா வரி கட்டுபவரைக் காட்டும் வருவாய்த்துறை ஆவணம், உரிமை மூலம் அல்ல. 2017இல் மூத்த மகன் மாற்றிக்கொண்ட பட்டாவுக்கும் இதே பதில்தான். வெள்ளைத்தாள் ஆட்சேபணையின்மைக் கடிதத்தால் அசையாச் சொத்தில் ஒருவரின் பங்கு இன்னொருவருக்குப் போகாது. அதற்குப் பதிவு வேண்டும்.

அப்புறம் வந்தது 2003 காகிதம். நாங்கள் அனுப்பிய வக்கீல் அறிவிப்புக்கு மூத்த மகன் தரப்பிலிருந்து வந்த பதிலோடு அதன் நகல் இருந்தது. இருபது ரூபாய் முத்திரைத்தாள் இரண்டு, நீல மையில் ஊர்ப் பெரியவர் ஒருவரின் கையெழுத்தில் எழுதியது. கிழக்குப் பக்கம் நாலரை மா மூத்த மகனுக்கு, மேற்குப் பக்கம் நாலரை மா இளைய மகனுக்கு. தகப்பனார், இரண்டு மகன்கள், இரண்டு சாட்சிகள் கையெழுத்து. மகள்கள் பேச்சே இல்லை. முதல் தாளின் பின்புறம் முத்திரைத்தாள் விற்றவரின் முத்திரையும் 2003ஆம் ஆண்டுத் தேதியும் சரியாகவே இருந்தன. பொய்க் காகிதம் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காலத்தில் ஊரில் நடந்ததைத்தான் எழுதியிருந்தார்கள்.

ஆனால் மகள்களுக்கும் சம பங்கு தந்த, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் காப்பாற்றுவது 2004 டிசம்பர் 20க்கு முன்பு பதிவுபெற்ற பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ நடந்த பாகப்பிரிவினையை மட்டும்தான். வாய்மொழிப் பாகப்பிரிவினை என்ற வாதத்தை, அரசு ஆவணங்களின் ஆதரவு இருந்து, தீர்ப்பாணைக்கு நிகராக நிரூபணமானால் அபூர்வமாக மட்டுமே ஏற்கலாம் என்று 2020 ஆகஸ்ட் 11 தேதியிட்ட உச்ச நீதிமன்றத்தின் வினீதா சர்மா தீர்ப்பு சொல்கிறது. இங்கே அரசு ஆவணங்கள் நேர் எதிராக இருந்தன. 2003க்குப் பிறகும் அடங்கலில், அதாவது கிராமத்துச் சாகுபடிக் கணக்கில், பெரியவர் பெயர்தான். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் ஒன்பது மாவுக்கும் சேர்த்து அவர் பெயரிலேயே வாங்கியிருந்தார்கள். உட்பிரிவு நடக்கவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தக் காகிதத்தை நம்பினால் பாதி நிலம் இளைய மகனுடையது. அவர் இறந்துவிட்டதால் அது அவர் மனைவி, மகள், தாயார் மூவருக்கும் போக வேண்டும். ஆனால் விற்பனைக்கு விலை பேசியவர் மூத்த மகன் மட்டும், ஒன்பது மாவுக்கும் தானே சொந்தக்காரர் என்று. அவர் காட்டிய காகிதம் அவருக்கே எதிராக நின்றது.

மகள்களின் உரிமை எங்கிருந்து வந்தது

1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டுத் திருத்தம் மகள்களையும் மகன்களைப் போலப் பிறப்பால் பங்குதாரர்களாக்கியது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகள்களை விலக்கியது. 1984இல் மணமான மூத்த மகள் விலக்கில் மாட்டினார், 1993இல் மணமான தங்கை உள்ளே வந்தார். ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்குக் கல்யாணத் தேதியால் இரண்டு நியாயம். மூத்த மகள் இதை எங்கேயோ கேட்டு மனதில் பதித்து வைத்திருந்தார். "எனக்கு அந்தக் கணக்கே இல்லை சார், நான் முன்னாடியே கட்டிக்கிட்டுப் போனவ" என்றார்.

2005 செப்டம்பர் 9 முதல் அமலான மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. எப்போது கல்யாணமானாலும் மகள் மகள்தான். தகப்பனார் 2005இல் உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியில் 2015 ஃபூலாவதி தீர்ப்பு குழப்பத்தை உண்டாக்கியது. உரிமை பிறப்பால் வருவது, தகப்பனார் அன்று உயிரோடு இருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கு அதைத் தீர்த்தது. இந்தக் குடும்பத்தில் பெரியவர் 2016 வரை இருந்ததால் அந்தக் கேள்வியே எழவில்லை.

சீரும் நகையும் போட்டாயிற்றே என்ற பேச்சு எல்லாக் குடும்பத்திலும் வருவது, இங்கேயும் வந்தது. கல்யாணச் செலவு பங்கை ஈடுகட்டாது. மகன்களின் கல்யாணத்துக்கும் இந்த வயல்தான் செலவு செய்தது.

பங்குக் கணக்கு

பிதுரார்ஜிதத்தில் இரண்டு மரணங்கள் குறுக்கிட்டதால் கணக்கைப் படிப்படியாகப் போட வேண்டியிருந்தது.

2016இல் பெரியவர் இறப்பதற்கு ஒரு நிமிடம் முன் பாகம் பிரித்ததாகச் சட்டம் பாவிக்கச் சொல்கிறது. அவரும் நான்கு பிள்ளைகளும் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. தென்னிந்திய வழக்கில் இந்தப் பிரிவினையில் மனைவிக்குத் தனிப் பங்கு இல்லை. பெரியவரின் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வாரிசுகளான மனைவிக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு இருபத்தைந்தில் ஒன்று. ஆக ஒவ்வொரு பிள்ளைக்கும் 25இல் 6, தாயாருக்கு 25இல் 1.

2019இல் இளைய மகன் இறந்தார். அவருடைய ஐந்தில் ஒரு பங்கில் அவர் மகளுக்குப் பிறப்பிலேயே பாதி உண்டு. மீதிப் பாதியும், தகப்பனாரிடமிருந்து வந்த இருபத்தைந்தில் ஒன்றும் அவருடைய வாரிசுகளுக்கு. முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகள், தாயார். இறந்த மகனுக்குத் தாயும் வாரிசு என்பது பலருக்குத் தெரிவதில்லை. இங்கேயும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

எல்லாவற்றையும் 150 என்ற பொது எண்ணுக்குக் கொண்டுவந்தால் மூத்த மகள் 36, மூத்த மகன் 36, இளைய மகள் 36, தாயார் 13, இளைய மருமகள் 7, பேத்தி 22. மூன்று ஏக்கர் 300 சென்ட் என்பதால் ஒவ்வொரு எண்ணையும் இரட்டித்தால் சென்ட் வந்துவிடும். மூன்று பிள்ளைகளுக்கும் 72 சென்ட், தாயாருக்கு 26, மருமகளுக்கு 14, பேத்திக்கு 44.

தோப்பு சுயசம்பாத்தியம் என்பதால் கணக்கு சுலபம். தாயாருக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 20 சென்ட். இளைய மகனின் 20 சென்ட் அவருடைய மூன்று வாரிசுகளுக்கும் சமமாகப் போனது. தாயாருக்குத் தன் 20 உடன் அதுவும் சேர்ந்தது.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்கு நஞ்சையில் அவள் அம்மாவைவிட மூன்று மடங்கு நிலம். விடுதலைப் பத்திர நகலில் அவள் பெயரே இல்லை, மருமகள் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். மூத்த மகனின் 36க்குள் அவருடைய இரண்டு மகன்களுக்கும் பிறப்புரிமை உண்டு என்பதால், பின்னால் அவர்கள் கேள்வி எழுப்பாதபடி அவர்களையும் உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம் என்றோம். பதிவுபெற்ற விடுதலையைப் பின்னால் ரத்து செய்ய வேண்டுமானால் மோசடியோ வற்புறுத்தலோ நிரூபிக்க வேண்டும். 'படிக்காமல் போட்டேன்' என்பது அதற்குப் போதாது.

போலீஸ் புகார் வேண்டாம் என்பது இரண்டாவது முடிவு. உறவினர் ஒருவர், ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டால் அண்ணன் இறங்கி வருவார் என்று இளைய மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மோசடி என்று சொல்லத் தெளிவான அடிப்படை இல்லை. போட்டிருந்தால் மூத்த மகள் நிச்சயம் தம்பி பக்கம் போயிருப்பார்.

மூன்றாவது, நிலம் வாங்க வந்தவருக்கும் அறிவிப்பு அனுப்பினோம். அண்ணனை மிரட்டுவதற்காக அல்ல. விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தில் வாங்கினேன் என்று பிறகு அவர் சொல்ல முடியாது என்பதற்காக. அவர் உடனே அட்வான்ஸை நிறுத்தி வைத்தார்.

நான்காவது முடிவில்தான் எங்களுக்குள் யோசனை அதிகம் ஓடியது. பேசி முடித்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதியலாமா, வழக்குப் போட்டுவிட்டுப் பேசலாமா? முதல் வழி சீக்கிரம் முடியும், உறவும் கெடாது. ஆனால் மைனர் பெண் ஒருத்தி இருக்கிறாள். இயற்கைக் காப்பாளரான தாய் நீதிமன்ற அனுமதி இல்லாமல் மைனரின் நிலத்தை விற்றால், அந்தப் பெண் மேஜரான பிறகு அதை ரத்து செய்யலாம். அப்படிப்பட்ட பத்திரத்தை நம்பி யாரும் வாங்கமாட்டார்கள், வாங்கவும் கூடாது. வழக்கில் சமரசமானால், மைனருக்கு அது நன்மையா என்று நீதிமன்றமே பார்த்து அனுமதி கொடுக்கும். அதனால் வழக்கைத் தாக்கல் செய்து, சமரசத்துக்கு அனுப்பும்படி கேட்பது என்று முடிவானது.

2022 நடுவில் சார்பு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு. வாதிகள் இளைய மகள், இளைய மருமகள், அவர் காப்பில் மைனர் பேத்தி. பிரதிவாதிகள் மூத்த மகன், அவருடைய இரண்டு மகன்கள், மூத்த மகள், தாயார். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்பதால் மருமகளுக்கும் பேத்திக்கும் சட்டப் பணிகள் குழு வழியாக மனுச் செய்தோம். கூட்டு அனுபவம் என்ற அடிப்படையில் நிலையான நீதிமன்றக் கட்டணம் கட்டினோம். விலக்கி வைத்து அண்ணன் மட்டும் அனுபவித்தார் என்று நாங்களே எழுதியிருந்தால் சந்தை மதிப்பின்படி கட்ட வேண்டியிருக்கும். சொல்லும் கதைக்கும் கட்டும் கட்டணத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை மனு எழுதும்போதே பார்க்க வேண்டும். விற்பனைக்குத் தடை கேட்ட மனுவில், வழக்கு முடியும்வரை விற்கமாட்டேன் என்று மூத்த மகன் தரப்பு உறுதி எழுதிக் கொடுத்தது.

காலவரம்பு பிரச்சினையாகவில்லை. கூட்டுச் சொத்திலிருந்து விலக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷம் உண்டு. இங்கே தெரிய வந்ததே 2021இல்.

சமரசப் பேச்சு

தமிழ்நாட்டில் நீதிமன்றங்களோடு இணைந்த சமரச மையங்கள் 2005இலிருந்து இயங்குகின்றன. அங்கே முதல் அமர்வு வீணாகத்தான் போனது. மூத்த மகன், "நான் பொம்பளைங்களுக்குத் துரோகம் பண்ணினவன் மாதிரி நோட்டீஸ் விட்டுட்டாங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. 2003இலிருந்து உழுதவர் அவர். போர்வெல் போட்டவரும், சங்கக் கடனைக் கட்டியவரும், தம்பியின் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தவரும் அவர்தான். அக்காவும் தங்கையும் பொங்கலுக்கு அரிசி மூட்டை வாங்கிக்கொண்டார்கள், கணக்குக் கேட்கவில்லை.

இரண்டாவது அமர்வில் சமரசர் 2003 காகிதத்தை மேஜைமேல் வைத்து, "இது செல்லும்னு வச்சுக்குவோம். உங்க பங்கு நூற்றைம்பது சென்ட். மீதி நூற்றைம்பது தம்பி வீட்டுக்கு. அப்போ எதை விற்கப் போனீங்க?" என்று கேட்டார். வந்த பதில், "தம்பி பொண்ணை நான்தானே பார்த்துக்கணும்". சட்டத்தின்படி அவருக்கு வரும் 72 சென்ட்டைவிட அந்தக் காகிதத்தில் அதிகம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அவர் மனதில் இருந்த முந்நூறு எதிலும் கிடைக்காது. அதன் பிறகுதான் பேச்சு நிலத்துக்கு வந்தது.

நிலத்துக்கு வந்ததும் வேறொரு சிக்கல். ஒன்பது மாவில் சாலையோரம் மூன்று மா, மீதி ஆறு மா வாய்க்கால் கடைமடைப் பக்கம். சாலையோர சென்ட்டின் விலை உள்பக்கத்தைவிடப் பல மடங்கு. பங்கு சமமாக இருந்தாலும் இடம் சமமாக இல்லை. சாலையோர நூறு சென்ட்டை எல்லோருக்கும் முகப்பு வருமாறு நீளவாக்கில் கீற்றாக வெட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. சர்வேயர் வரைந்து காட்டினார், மருமகளின் கீற்று ஒரு மாட்டுவண்டி திரும்பாத அகலம். அதை யாருமே விரும்பவில்லை. கடைசியில், சாலையோர மூன்று மாவை ஆறு பங்குதாரர்களும் சேர்ந்து விற்று 150 கணக்கில் பணம் பிரித்துக்கொள்வது, உள்பக்க ஆறு மாவை நிலமாகப் பிரிப்பது என்று ஒத்துக்கொண்டார்கள்.

மடையும் வண்டிப்பாதையும் இன்னும் நேரம் தின்றன. வாய்க்கால் மடை மூத்த மகனுக்கு விழும் துண்டில் இருந்தது. எந்த முறைப்படி யாருக்கு முதல் தண்ணீர், நடவு நாளில் டிராக்டர் எந்த வரப்போரம் போகும், பாதை எட்டடியா பத்தடியா என்றெல்லாம் எழுதினோம். பத்தடி என்று முடிந்தது. போர்வெல் அவர் துண்டிலேயே அவருக்கு. அதன் செலவுக்காகவும், கட்டிய கடனுக்காகவும், தம்பியின் மருத்துவச் செலவுக்காகவும் விற்ற பணத்திலிருந்து ஒரு தொகையை முதலில் எடுத்துக்கொள்ள மற்றப் பெரியவர்கள் சம்மதித்தார்கள். மைனரின் பங்கிலிருந்து மட்டும் எதுவும் பிடிக்கவில்லை. அதில் நாங்கள் உறுதியாக இருந்தோம், நீதிமன்றமும் அதைத்தான் பார்த்தது.

மூத்த மகள் கடைசிவரை தயங்கினார். "நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்குத் தம்பி வாசல்ல போய் நிக்கணுமே" என்பதுதான் அவர் கவலை. விட்டுக்கொடுப்பது அவர் உரிமை. ஆனால் எவ்வளவை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து செய்யட்டும் என்று சமரசர் கணக்குத் தாளை அவர் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த அமர்வில் மகனோடு வந்தார். சாலையோரப் பணத்தில் தன் பங்கு வேண்டும், தோப்பில் 20 சென்ட்டும் வேண்டும், உள்பக்க 48 சென்ட்டைத் தம்பிக்கு விடுதலை செய்கிறேன் என்றார். பாசத்துக்கு ஈடாக இல்லை, குறைந்த விலைதான், ஆனால் வங்கி வழியாக இரண்டு தவணைப் பணம். அதைத் தம்பியும் மறுக்கவில்லை.

என்ன ஆனது

2023இல் சமரச உடன்படிக்கை மக்கள் நீதிமன்றத்தில் பதிவாகி உத்தரவானது. மைனர் சார்பான சமரசத்துக்கு அனுமதி தனியாக எழுதப்பட்டது. மக்கள் நீதிமன்ற உத்தரவின் மேல் மேல்முறையீடு இல்லை, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பி வந்தது. மைனரின் பங்கை விற்க மாவட்ட நீதிமன்றத்தில் தனி மனுப் போட வேண்டியிருந்தது, அதுதான் எல்லாவற்றையும்விட இழுத்தது. 2024இல் சாலையோர நிலம் அதே நபருக்குக் கிரயமானது. பேத்தியின் பங்குப் பணம், 150இல் 22, அவள் மேஜராகும்வரை வங்கியில் நிரந்தர வைப்பு. படிப்புக்கு வட்டியை எடுத்துக்கொள்ளலாம்.

உள்பக்கத்தில் மூத்த மகனுக்கு அக்கா விட்ட துண்டோடு 96 சென்ட், இளைய மகளுக்கு 48, தாயார், மருமகள், பேத்தி மூவருக்கும் சேர்த்து ஒரே துண்டாக 56. இளைய மகள் தன் துண்டை அண்ணனுக்கே குத்தகைக்கு விட்டிருக்கிறார், குத்தகை ஒப்பந்தம் எழுதி. தோப்பைப் பிரிக்கவில்லை, கூட்டுப்பட்டா மட்டும் வாங்கினோம். தேங்காய் வெட்டுக் கணக்கு ஒரு நோட்டில் எழுதி எல்லோருக்கும் போட்டோ வருகிறது. உட்பிரிவுப் பட்டாக்கள் வந்துவிட்டன.

அண்ணன் தங்கை பேச்சு முன்பு போல இல்லை. நின்றுவிடவும் இல்லை.

மாற்ற வேண்டியவை

இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு மரணத்துக்குப் பிறகு வாரிசுச் சான்று வாங்கும்போதே கூட்டுப்பட்டாவுக்கு மனுச் செய்துவிட்டால் பாதிச் சிக்கல் வராது. பட்டா ஒருவர் பெயரில் இருந்தால்தான் நிவாரணம் என்பது ஊர்ப் பேச்சு. கூட்டுப்பட்டாதாரர்கள் ஒருவருக்குச் சம்மதம் கொடுத்தே வேலையை நடத்தலாம்.

தோப்புக்குப் பெரியவர் உயில் எழுதியிருக்கலாம். சுயசம்பாத்தியத்தில் அவருக்கு முழுச் சுதந்திரம் இருந்தது, நஞ்சையிலும் தன் பங்கை மட்டும் எழுத முடியும். வயலைப் பார்த்துக்கொண்ட மகனுக்கு அவர் ஏதாவது கூடுதலாகக் கொடுக்க நினைத்திருந்தால் அதுதான் வழி. 2003 காகிதம் அந்த எண்ணத்தில் எழுதியது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. பதிவு அலுவலகம் போகாததால் அந்த எண்ணம் சட்டத்தில் எந்தப் பலனும் தரவில்லை.

சமரச அமர்வுகளில் தாயாரோடு தனியாகப் பேசுவதை முதலிலேயே வைப்பது நல்லது. இங்கே மூன்றாவது அமர்வில்தான் அவர் தனியாகப் பேசினார். மூத்த மகன் வீட்டில் சாப்பிடுபவர் அவர் எதிரில் வாய் திறக்கமாட்டார் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். 26 சென்ட்டுக்கும் தோப்பில் இருபத்தாறு சொச்சம் சென்ட்டுக்கும் தானே சொந்தக்காரி என்று தெரிந்த பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று, பேத்தியின் துண்டை ஒட்டித் தன் துண்டு விழ வேண்டும் என்பது. 56 சென்ட் ஒரே துண்டானது அதனால்தான்.

வீடு இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. அவர் உயில் எழுதாமல் போனால் வீடும் நிலமும் மூன்று பிள்ளைகளுக்கும், இறந்த மகனின் பங்காகப் பேத்திக்கும் சமமாகப் போகும். மருமகளுக்கு மாமியார் சொத்தில் வாரிசுரிமை இல்லை. மருமகளுக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று அவர் விரும்புகிறார். உயில் வரைவு தயாராகிக்கொண்டிருக்கிறது, சாட்சிகளாக யாரை வைப்பது என்பதில் குடும்பத்துக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை.